‘மரம்ல’ என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை

நான்கு வயதுக் குழந்தையிடம் “குருவி எங்கே உட்கார்ந்திருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். “மரத்துல” என்று சொல்லும். “மரம்ல” என்று சொல்லவே சொல்லாது. ‘மரம்’ என்ற சொல்லின் வாலில் இருக்கும் ‘அம்’ விழுந்து, அந்த இடத்தில் ‘அத்து’ வந்து உட்கார்ந்தால்தான் அடுத்த உருபு ஒட்டும் என்று அதற்கு யார் சொல்லித் தந்தார்கள்? யாரும் இல்லை. இந்த ‘அத்து’வுக்கு உள்ள ‘சாரியை’ என்ற பெயரைப் பாடப்புத்தகத்தில் பார்க்க இன்னும் பல வருடம் இருக்கிறது. ஆனால் வேலை முடிந்துவிட்டது. இங்கிலீஷ் சொல்லையும் அது விட்டுவைப்பதில்லை: “ஆல்பத்துல என் போட்டோ இருக்கு.” அதே குழந்தை “ரூம்ல இருக்கு” என்றுதான் சொல்லும், “ரூத்துல” என்று சொல்லாது. ‘அம்’ என்று முடிந்தால் ‘அத்து’ வரும், ‘ஊம்’ என்று முடிந்தால் வராது என்ற நுணுக்கம்கூட வாய்க்குத் தெரிந்திருக்கிறது.

கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனதாக இருக்கலாமே என்று தோன்றும். அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ என்ற மொழியியலாளருக்கும் இந்தக் கேள்வி இருந்தது. 1958இல் வெளியான அவருடைய ஆய்வில், உலகத்தில் இல்லாத ஒரு குட்டிப் பிராணியின் படத்தைக் குழந்தைகளிடம் காட்டி, “இது ஒரு வக்” என்றார். பிறகு இரண்டு பிராணிகள் இருக்கும் படத்தைக் காட்டி, “இப்போது இரண்டு...?” என்று நிறுத்தினார். பிறந்ததிலிருந்து கேட்டிராத அந்தச் சொல்லுக்குப் பிள்ளைகள் பன்மை விகுதி சேர்த்துச் சொன்னார்கள்.

இதைத் தமிழில் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டு வராந்தாவில் கூடுவார்கள். டியூஷன் கிடையாது. கதை, கொஞ்சம் எழுத்து, நிறைய சண்டை. அவர்களிடம், “நேத்து ஒரு டொம்புளம் வந்துச்சு. நான் ஓடிப் போய் அந்த...” என்று நிறுத்தினேன். “டொம்புளத்தைப் பிடிச்சீங்க!” என்று ஒரே கத்தல். “மூபா வந்துச்சு, நான் அந்த...” “மூபாவை!” “கிப்பி வந்துச்சு...” “கிப்பியை!” மூபாவுக்கு வ், கிப்பிக்கு ய். ஒருத்தரும் ‘கிப்பிவை’ என்று சொல்லவில்லை. இந்த வகரமும் யகரமும்தான் உடம்படுமெய். எட்டாம் வகுப்புப் பிள்ளை சூத்திரமாக ஒப்பித்து மதிப்பெண் வாங்குவதை, யூ.கே.ஜி. பிள்ளை இல்லாத பிராணியின் பெயரை வைத்துச் செய்துகாட்டுகிறது.

அதனால் வீட்டில் இலக்கணம் சொல்லித் தர நினைக்கிறவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: புதிதாக எதையும் ஊட்ட வேண்டாம். பிள்ளை ஏற்கெனவே செய்வதை அதற்கே காட்டுங்கள், அதை வைத்து ஒரு வரி கதை எழுதச் சொல்லுங்கள், பெயரைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பள்ளியில் இலக்கணம் ஒரு பீரியட், கட்டுரை எழுதுவது இன்னொரு பீரியட். அப்படிப் பிரித்ததில் இரண்டுமே உயிர் போய்க் கிடக்கின்றன என்பது என் எண்ணம்.

ஒரு சின்ன விளையாட்டிலிருந்து தொடங்கலாம். மூன்று துண்டுச் சீட்டு. ஒன்றில் ‘பூனை’, ஒன்றில் ‘எலி’, ஒன்றில் ‘துரத்தியது’. வரிசையாக வைத்தால் “பூனை எலி துரத்தியது”. யார் யாரைத் துரத்தியது? பிள்ளைகள் பூனைதான் என்பார்கள், பழக்கத்தில். இப்போது நான்காவதாக ஒரு சின்னச் சீட்டில் ‘ஐ’ என்று எழுதிக் கையில் கொடுங்கள். எலியின் முதுகில் ஒட்டினால் வழக்கமான கதை. பூனையின் முதுகில் ஒட்டினால்? “பூனையை எலி துரத்தியது.” வராந்தா முழுக்கச் சிரிப்பு. எலி ஏன் துரத்தியது என்று கேட்டால் போதும், ஆளுக்கு ஒரு காரணம் வரும். (எலிக்குப் பிறந்தநாள், பூனை கேக்கைத் தின்றுவிட்டது என்றாள் ஒருத்தி.) கதை எழுதும் வேலை அங்கேயே தொடங்கிவிட்டது, ஒரே ஒரு எழுத்தால்.

அப்புறம் சீட்டுகளை இடம் மாற்றச் சொல்லுங்கள். “எலியைப் பூனை துரத்தியது”, “பூனை எலியைத் துரத்தியது”. பொருள் மாறவில்லை. ஆள் எங்கே நின்றாலும் முதுகில் ‘ஐ’ இருந்தால் அடி வாங்குவது அவர்தான். இங்கிலீஷில் இப்படி இடம் மாற்றினால் கதையே தலைகீழாகிவிடும். தமிழில் நிற்கும் இடத்தைவிட ஒட்டிக்கொண்டிருக்கும் உருபுக்குத்தான் அதிகாரம். பெயர்ச்சொல்லின் பொருளை இப்படி வேறுபடுத்துவதால்தான் இதற்கு வேற்றுமை என்று பெயர்.

வேற்றுமை மொத்தம் எட்டு. ஏழு என்று சொல்லி, விளியையும் சேர்த்தால் எட்டு என்று தொல்காப்பியமே கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் இரண்டாம் வேற்றுமை, மூன்றாம் வேற்றுமை என்று எண்ணால் சொன்னால் பிள்ளைக்கு அது பஸ் நம்பர் மாதிரி. கேள்வியால் சொல்லுங்கள். யார்? எதை? எதால், யாரோடு? யாருக்கு? எதிலிருந்து? யாருடைய? எங்கே? எட்டாவது, கூப்பிடுவது: தம்பி ‘தம்பீ’ ஆவதும், மகன் ‘மகனே’ ஆவதும். பாடப்புத்தகத்தில் ஏழாம் வேற்றுமைக்கு உருபு ‘கண்’ என்று இருக்கும். “வீட்டின்கண் இருந்தான்” என்று இன்றைக்கு யாரும் பேசுவதில்லை, ‘இல்’ போட்டு “வீட்டில்” என்போம். பிள்ளை ‘கண்’ணைப் பார்த்துத் திருதிருவென விழித்தால் அது பிள்ளையின் தப்பு இல்லை.

இந்தக் கேள்விகளை வைத்து ஒரு வாக்கியத்தை ஊதிப் பெரிதாக்கலாம். “பாட்டி கொடுத்தாள்.” எதை? “பாட்டி முறுக்கைக் கொடுத்தாள்.” யாருக்கு? “பாட்டி தம்பிக்கு முறுக்கைக் கொடுத்தாள்.” எதிலிருந்து? “பாட்டி டப்பாவிலிருந்து தம்பிக்கு முறுக்கைக் கொடுத்தாள்.” யாருடைய டப்பா? “பாட்டி என்னுடைய டப்பாவிலிருந்து தம்பிக்கு முறுக்கைக் கொடுத்தாள்.” இந்த இடத்தில் எந்த அக்காவுக்கும் ரத்தம் கொதிக்கும். ஆறாம் வேற்றுமைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

‘ஐ’ விஷயத்தில் இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். பெரியவர்களே இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். “அக்கா தோசை சாப்பிட்டாள்.” “அக்கா தோசையைச் சாப்பிட்டாள்.” இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் முழித்தார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கண்டுபிடித்தான்: “அத்தை, ரெண்டாவதுல அது என் தோசை.”

அதேதான். உருபு இல்லாத தோசை ஏதோ ஒரு தோசை; அக்கா டிபன் சாப்பிட்டாள் என்பது மட்டும் செய்தி. உருபு ஏறிய தோசை நமக்கு முன்பே தெரிந்த தோசை. தட்டில் இருந்தது, அதன்மேல் யாருக்கோ ஒரு கண் இருந்தது. உயிரில்லாத பொருளுக்குத் தமிழ் இந்த வசதியைத் தருகிறது. “பேனா வாங்கினேன்”, “பேனாவைத் தொலைத்தேன்” என்று அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். முதல் வரியில் பேனா கதைக்குள் நுழைகிறது, இரண்டாவதில் அது பழகிய பேனா. கதை எழுதுகிறவர் பொருளை எப்போது அறிமுகம் செய்கிறார், எப்போது அது வாசகருக்குச் சொந்தமாகிறது என்பதெல்லாம் இந்த ஒற்றை எழுத்தில் இருக்கிறது. பிள்ளைக்கு இவ்வளவு விளக்க வேண்டியதில்லை. தோசை போதும்.

ஒற்று மிகும் தொல்லையையும் இங்கேயே கொஞ்சம் தீர்த்துக்கொள்ளலாம். ஐந்தாறு பக்கத்துக்கு விதி இருக்கிறது, பெரியவர்களே தடுமாறுகிறோம், பத்திரிகைகளிலும் தடுமாற்றம் தெரிகிறது. பத்து வயதுவரை இரண்டே இரண்டு போதும் என்பேன். ‘ஐ’ உருபு வெளிப்படையாக ஒட்டியிருந்து, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று போடு. ‘கு’ உருபுக்கும் அப்படியே. பாலைக் குடித்தான், கடைக்குப் போனான். ‘தோசை’ ஐ ஓசையில்தான் முடிகிறது, ஆனால் அது தோசைக்குச் சொந்தமான ஐ, ஒட்டவைத்த உருபு கிடையாது. ஆகவே “தோசை சாப்பிட்டாள்”, ஒற்று இல்லை. “தோசையைச் சாப்பிட்டாள்”, ஒற்று உண்டு. வகுப்பறைகளில் பல காலமாக ஓடும் ‘வேலை’ உதாரணமும் இதுதான். “முதலாளி வேலை கொடுத்தார்” என்றால் உத்தியோகம். “வேலைக் கொடுத்தார்” என்று ஒரு க் சேர்ந்தால் அவர் கையில் இருப்பது முருகனுடைய ஆயுதம்.

இனி வினைக்கு வருவோம். பிள்ளைகள் மூன்று வயதிலேயே தேர்ச்சி பெற்றுவிடும் ஒரு பாடம் இருக்கிறது. சமையலறையில் ‘டமால்’ என்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் கண்ணாடி டம்ளர் சுக்குநூறு. பக்கத்தில் பிள்ளை. என்ன சொல்லும்? “உடைஞ்சிடுச்சு.” “உடைச்சிட்டேன்” என்று சொன்ன பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. உடைந்தது, தன்வினை. உடைத்தேன், பிறவினை. கிழிந்தது, கிழித்தேன். தொலைந்தது, தொலைத்தேன். நடுவில் மெல்லிசாக இருக்கும் ‘ந்த்’, ‘த்த்’ என்று இறுகும்போது குற்றமும் வந்து ஏறிவிடுகிறது. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் முதலில் வெட்கம், பிறகு ஆளுக்கொரு ஒப்புதல் வாக்குமூலம்.

இதை அப்படியே எழுத்துப் பயிற்சி ஆக்கினேன். ஒரு டம்ளர், மூன்று பேர். தம்பி சொல்வது ஒரு வரி, அக்கா சொல்வது ஒரு வரி, அம்மா சொல்வது ஒரு வரி. தம்பி: “டம்ளர் தானா உடைஞ்சிடுச்சு.” அக்கா: “அவன்தாம்மா உடைச்சான், நான் பாத்தேன்.” அம்மாவின் வரியில் டம்ளரை உடைத்தது யார் என்பதே இல்லை: “இந்த வீட்ல ஒரு சாமான் தங்குதா?” ஒரே சம்பவம் யார் வாயிலிருந்து வருகிறதோ அதற்கேற்ப வினைச்சொல் மாறுகிறது. கதையை யார் கண் வழியாகச் சொல்வது என்று பெரிய எழுத்தாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயம் இது. இங்கே ஒரு டம்ளர் உடைந்ததோடு முடிந்தது.

அடுத்தது முற்றும் எச்சமும். இரண்டு வரியில் புரியவைக்கலாம். “பூனை வந்தது” என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பிள்ளை சும்மா இருக்கும். “பூனை வந்து” என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். “வந்து?” என்று கேட்கும். கேள்வி எழுப்பினால் எச்சம், எழுப்பாவிட்டால் முற்று. மிச்சம் என்று சொல்கிறோமே, அந்த மாதிரி ஏதோ மீதி இருக்கிறது. பாட்டிமார் கதை சொல்லும் முறை முழுக்க இதில்தான் ஓடுகிறது: போய், பார்த்து, எடுத்து, ஒளித்து வைத்து... முற்று வரும்வரை பிள்ளை நகராது.

வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு எச்சம் சேர்க்கும் விளையாட்டு வராந்தாவில் ரொம்பப் பிரபலம். “பூனை வந்து, கதவைத் தள்ளி, அடுக்களைக்குள் நுழைந்து, பால் சட்டியைப் பார்த்து, மூடியைத் தட்டிவிட்டு...” கடைசி ஆள் முற்றுப் போட வேண்டும். விளையாடும்போதே ஒரு விதி தானாக மேலே வந்தது. ஒருத்தி “பூனை வந்து எலி ஓடியது” என்று முடித்தாள். மற்றவர்களுக்கு ஏதோ உறுத்தியது. “வந்ததும் எலி ஓடிச்சுன்னு சொல்லணும்” என்றான் ஒருவன். சரிதான். ‘வந்து’ போன்ற எச்சம் தொடங்கிவைத்த ஆளே முற்றையும் முடிக்க வேண்டும். ஆள் மாறினால் ‘வந்ததும்’, ‘வரவே’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். “மழை பெய்து குளம் நிறைந்தது” என்பதில் ஆள் மாறியும் உறுத்தவில்லையே என்று கேட்பீர்கள். மழைதான் குளம் நிறையக் காரணம் என்பதால் காது ஒப்புக்கொள்கிறது. பெரிய வாக்கியம் எழுதும் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான், பெரியவர்களின் விண்ணப்பங்களிலும் பார்த்திருக்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் வாயில் இருப்பது. வாயில் இல்லாததும் இருக்கிறது, அதை ஒளிக்க வேண்டாம். “மாடெல்லாம் மேயுது” என்று பேசுகிறோம், “மாடுகள் மேய்கின்றன” என்று எழுதச் சொல்கிறோம். அஃறிணைப் பன்மைக்கு உரிய இந்த ‘அன’ பேச்சில் அநேகமாக மறைந்துவிட்டது. வீட்டில் யார் வாயிலிருந்தும் கேட்காத ஒன்றைப் பிள்ளை தானாக எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சொல்லித்தான் தர வேண்டும், பல தடவை. ல, ள, ழவும் ர, றவும் ந, ன, ணவும் அப்படித்தான். ஓசையில் பிடிபடாவிட்டால் கண்ணால் பழகட்டும், வாசிக்க வாசிக்க வரும்.

மற்றபடி வீட்ல, வீட்டில் ஆவதும், என்கிட்ட, என்னிடம் ஆவதும், அவங்க, அவர்கள் ஆவதும் சட்டை மாற்றிக்கொள்வது போலத்தான். கல்யாணத்துக்கு ஒன்று, விளையாடப் போக ஒன்று. கதையில் பேச்சு வரும் இடத்தில் மேற்கோள் குறிக்குள் “வாடா இங்க” என்றே எழுதட்டும். “இங்கே வாடா தம்பி என்று தாய் அழைத்தார்” என்று எழுதவைத்தால் அந்த அம்மாவைப் பிள்ளைக்கே அடையாளம் தெரியாது.

கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். ‘என் பாட்டி’ என்று தலைப்புக் கொடுத்ததும், தோசையைக் கண்டுபிடித்த அதே பையன் நோட்டில் எழுதித் தந்தது: “என் பாட்டி மிகவும் நல்லவர். அவர் அன்பானவர். அவர் எனக்கு நல்ல கதைகள் சொல்வார். எனக்கு என் பாட்டியை மிகவும் பிடிக்கும்.” பிழை ஒன்றுகூட இல்லை. பாட்டியும் இல்லை.

நல்ல, அழகான, அன்பான என்ற மூன்று சொற்களையும் இன்றைக்கு மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாம் என்றேன். அப்புறம் பழைய கேள்விகளையே கேட்டேன். எந்தக் கதை சொல்வாங்க? எங்கே உட்கார்ந்து? எதைப் பிடிச்சுக்கிட்டு? கதை சொல்லும்போது பாட்டி செய்யும் ஒரே ஒரு காரியம் சொல்லு, வேறு எந்தப் பாட்டியும் செய்யாதது. கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினான்:

“பாட்டி சிங்கம் முயல் கதை சொல்லும். பாதியில் தூங்கிடும். சிங்கம் கிணத்துக்கிட்ட நின்னுக்கிட்டே இருக்கும். நான் பாட்டியைத் தட்டி எழுப்புவேன்.”

நான்கு வரியில் பாட்டி வந்து உட்கார்ந்துவிட்டாள். “பாட்டியை” என்பதில் உருபு இருக்கிறது, பின்னால் ஒற்றும் சரியாக விழுந்திருக்கிறது. கிணத்தைக் கிணறு ஆக்குவது பெரிய வேலை இல்லை.

நோட்டைப் பார்த்த அவன் அம்மாவுக்கு வேறு கவலை. “பாட்டி தூங்கிடும்னு எழுதியிருக்கானே, மாடு கன்னுக்குட்டியைச் சொல்ற மாதிரி?” பாட்டி உயர்திணை, ‘தூங்கிடும்’ என்ற முடிவு அவருக்குப் பொருந்தவில்லை என்று சிவப்பு மையால் சுழிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த வீட்டில் பாட்டி எப்போதும் வரும், போகும், சொல்லும்தான்; அது செல்லம். இலக்கணக்காரர்கள் இதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சியினாலோ, உயர்வாகவோ, கோபத்தினாலோ திணை மாறிச் சொல்வதை நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. வழுவமைதி என்று பெயர். பசுவைப் பார்த்து “என் அம்மை வந்தாள்” என்று ஒருவர் சொல்வதுதான் வழக்கமான உதாரணம். மாட்டை அம்மா என்று ஏற்றிச் சொல்ல வாசல் திறந்திருக்கும்போது, பாட்டியைச் செல்லமாக ‘அது’ என்று சொல்ல மட்டும் மூடியா இருக்கும்? அம்மாவிடம் இதைச் சொன்னேன். பாதி மனதோடு தலையாட்டினார்.

திருத்துவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு பிழை மட்டும் திருத்துங்கள். இந்த வாரம் ஒற்று என்றால் ஒற்று மட்டும், றகர ரகரம் அடுத்த வாரம். பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தால், அடுத்த முறை பிள்ளை தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து எழுதும். “மிகவும் நல்லவர்” என்பது அப்படி வந்து சேர்ந்த வரிதான்.

போன சனிக்கிழமை அவன் மறுபடி நோட்டை நீட்டினான். கேட்காமலே எழுதிக்கொண்டு வந்திருந்தான். “நேத்து பாட்டி தூங்கவில்லை. சிங்கம் கிணத்துல குதிச்சு செத்துப்போச்சு. நான் ஒண்ணுமே சொல்லவில்லை.” பேச்சும் எழுத்தும் கலந்து கிடந்தது. பென்சிலை எடுத்தேன், கிணற்றை மட்டும் சரிசெய்துவிட்டு வைத்துவிட்டேன்.